கதவின் மேல் ஒரு ரோகு

கோமுகி அணைக் கரையிலிருக்கும் 'கடலலை மீன் கடை'யிலிருந்து கடலுக்குப் போக, பேருந்தில் அரை நாள் ஆகும். அலை என்று பார்த்தால் எருமை இறங்கும்போது வருவதுதான். நாற்காலிகள் ஒன்றுக்கொன்று சொந்தமில்லாதவை. ஒன்று சலூனிலிருந்து வந்தது, இன்னமும் சுற்றும். மேசை, யார் வீட்டிலோ கழற்றிய கதவு; தாழ்ப்பாள் அப்படியே இருக்கிறது. சலூன் நாற்காலியில் என் நண்பன் ஜீவா, சுற்றிவிடாமலிருக்கக் காலை மண்ணில் ஊன்றியிருந்தான். எதிரே அபிநயாவின் அப்பா தெய்வசிகாமணி.

அவர் சரி என்றால் ஜீவாவுக்கும் அபிநயாவுக்கும் கல்யாணம். இல்லையென்றால் இல்லை, ஓடிவர மாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள். அவருக்கு நைனார்பாளையத்தில் கரும்பும் மக்காச்சோளமும். ஜீவாவின் அப்பா கருணாபுரத்திலிருந்து மூட்டை தூக்கப் போகிறவர். பையனைப் பார்க்க ஒப்புக்கொண்ட தெய்வசிகாமணி, வூட்டுக்கு வேணாம், டேம்ல பாக்கலாம் என்றாராம். வீடென்றால் எந்தத் தம்ளரில் தண்ணீர் தருவது என்று முடிவு செய்ய வேண்டும். இங்கே அந்தக் கவலை கடைக்காரி சாலம்மாளுடையது. அவள் எல்லோருக்கும் ஒரே சொம்பை வைத்திருந்தாள்.

வழியெல்லாம் வண்டியில் "மாமா" என்று சொல்லிப் பழகிய ஜீவா, வந்ததும் "வணக்கம் சார்" என்றான்.

ஆளுக்கொரு ஜிலேபி மீன் போடச் சொன்னார் அவர். ஜிலேபி தீர்ந்துவிட்டது. மிச்சம் ஒரு ரோகு, ஒன்றேகால் கிலோ. அதை ரெண்டா வெட்டி ரெண்டு தட்டுல குடும்மா என்றார்.

"போர்டுல இன்னா போட்டிருக்குது? முழுசாத்தான் போடுவேன். ஒரு மீனு, ஒரு தட்டு."

அவர் என்னைப் பார்த்தார். எனக்குச் சனிக்கிழமை விரதம் என்றேன். அன்று ஞாயிறு. யாரும் கவனிக்கவில்லை.

மீன் வந்தது. தலை ஜீவா பக்கம், வால் அவர் பக்கம். கொஞ்ச நேரம் அதை மூன்று பேரும் பார்த்தோம். பிறகு அவர் வாலோரம் நகத்தளவு கிள்ளினார். ஜீவா செவுளோரம் தொடங்கினான். வலது கையால் தின்றுகொண்டே இடது கையால் தாழ்ப்பாளைத் தள்ளுவதும் இழுப்பதுமாக இருந்தார் அவர். ஷோரூமில் என்ன வேலை, சம்பளம் எவ்வளவு, வாடகை வீடா என்று கேட்டார். ஜீவா ஒவ்வொன்றுக்கும் வாயிலிருப்பதை விழுங்கிவிட்டுப் பதில் சொன்னான். நடுவில் இரண்டு விரல் அகலத்தை இருவருமே தொடவில்லை.

"முள்ளு நல்லா எடுக்கிற தம்பி."

"எங்கம்மா வாய்க்கா மீனுதான் ஆக்கும் சார். முள்ளு ஜாஸ்தி."

அவர் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. மிளகாய்க் காரமாகவும் இருக்கலாம். அந்த இரண்டு விரல் அகலத்தில் முதல் பாதியை அவர் எடுத்தார்.

மேல்பக்கம் தீர்ந்து நடுமுள் தெரிந்தது. ஜீவா திருப்பப் போனான். அடுப்பருகிலிருந்து சாலம்மாள் சத்தம் போட்டாள்.

"ஒத்த ஆளா திருப்பாத, ஒடஞ்சிரும். தலைய நீ புடி. வால அந்தப் பெரியவரு புடிக்கட்டும். சேந்து தூக்குங்க."

ஜீவா மீன் தலையைப் பிடித்தபடி காத்திருந்தான். என் செல்போனில் அபிநயா நான்காவது முறையாக 'இன்னா ஆச்சு' என்று அனுப்பியிருந்தாள். 'மேல்பக்கம் முடிந்தது' என்று அனுப்பினேன்.

தாழ்ப்பாள் சத்தம் நின்றிருந்தது. தெய்வசிகாமணி துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தார். அக்கரையில் ஓர் எருமை இறங்கியது. அதன் அலை எங்கள் கரைக்கு வந்து சேர்ந்தபோது, அவருடைய கை வாலுக்கு ஒரு சாண் மேலே இருந்தது.