கட்டில்மேல் ஓடிய ஷூ

"அப்பா, எல்லாரும் முடிச்சப்புறம்தான் நீங்க வரணும்னு யாராவது சொல்லியிருக்காங்களா?"

போன வருடம் ஆறு வயது மகள் இப்படிக் கேட்டபோது அவளுடைய அப்பா முடிவுக்கோட்டில் ஒரு பெரிய பிளாஸ்டிக் துணிக்கு அடியில் கிடந்தார். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய டிரையத்லான் போட்டி அது. அவர் வந்து சேர நான்கு மணி மூன்று நிமிடம் ஆகிவிட்டது. அதற்குள் முடிவுக்கோட்டில் நின்ற பிளாஸ்டிக் துணி வளைவுக்குக் காற்று ஊதும் மோட்டாரை நிறுத்திவிட்டார்கள். அவர் அடியில் நுழைந்த நேரம் பார்த்து அது பெருமூச்சு விட்டபடி அவர் தலைமேல் படுத்துக்கொண்டது. அடி ஒன்றும் படவில்லை. மெடல்தான் கிடையாது என்றார்கள்.

மகள் கேலி செய்யவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதுதான் அவரைக் குடைந்தது. சில கேள்விகளைக் கடவுளே குழந்தைகளிடம் கொடுத்தனுப்புகிறார் போலிருக்கிறது. அவருக்குப் பதில் தேட ஒரு வருடம் பிடித்தது.

அவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். நேர்மையான வியாபாரி. "பார்க்க அழகா இருக்குன்னு வாங்காதீங்க. உங்க மூக்குல உட்காருதான்னு பாருங்க. ஒரு வாரம் போட்டுப் பழகுங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். இந்தப் புத்தி கடை ஷட்டரை இறக்கியதும் உள்ளேயே தங்கிவிடும்.

மூன்று மாதம், அடியில் கார்பன் தட்டு வைத்த ஓட்ட ஷூக்களைப் பற்றிப் படித்தார். எது எத்தனை கிராம், எதன் அடிப்பாகம் எவ்வளவு உயரம் என்று சாப்பாட்டு மேசையில் ஒப்பிப்பார்.

"என்னைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடிகூட நீங்க இவ்வளவு விசாரிக்கல" என்றாள் மனைவி. "முதல்ல சைக்கிளை மாத்தினீங்க. அப்புறம் நீச்சல் உடுப்பை மாத்தினீங்க. இப்ப ஷூ. இனி மாத்தறதுக்கு மிச்சம் இருக்கிறது நீங்கதான்."

ஷூ கடையில் இருந்த பெண் விவரம் தெரிந்தவள். "ஒரு கிலோமீட்டர் எத்தனை நிமிஷத்துல ஓடுவீங்க சார்?"

"அது வெயிலைப் பொறுத்தது."

அவள் அவரை நாலடி நடக்கச் சொல்லிப் பார்த்தாள். "நீங்க முதல்ல குதிகாலை ஊன்றவர். இந்தக் கார்பன் ஷூ வேகமா ஓடறவங்களைத்தான் நல்லா முன்னாடி தள்ளிவிடும். மெதுவா ஓடினா கால் ஆடும். இந்தச் சாதாரண ஷூ எடுத்துக்குங்களேன்."

"இது தள்ளுமா?"

"தள்ளாது சார். தாங்கும்."

"எனக்குத் தள்ளறதுதான் வேணும்."

"சரி. அப்ப சாக்ஸோட போடுங்க. நாலஞ்சு தடவையாவது ஓடிப் பழகிட்டுப் போட்டிக்குப் போங்க."

அவர் தலையாட்டினார். ஆனால் அந்த ஷூவின் அடியில் இருக்கும் நுரை மெத்தை ஓட ஓடத் தேய்ந்துபோகும் என்று எங்கோ படித்திருந்தார். தரையில் வைக்க மனம் வரவில்லை. பழகவும் வேண்டும், தேயவும் கூடாது. ஒரே வழிதான் தெரிந்தது.

மனைவி அறைக்குள் வந்தபோது அவர் கட்டில்மேல் நின்று, ஷூவோடு, இருந்த இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தார். மின்விசிறி தலைக்கு ஒரு சாண் மேலே சுற்றியது.

"என்ன பண்றீங்க?"

"பழகுறேன்."

"நல்லா பழகுங்க. போட்டிக்கு மெத்தையையும் எடுத்துட்டுப் போங்க."

போட்டி நாள் வந்தது. நீச்சலும் சைக்கிளும் கணக்குப்படி முடிந்தன. ஷூ மாற்றும் இடத்தில் அவர் சாக்ஸ் போடவில்லை. பெரிய வீரர்கள் யாரும் போடுவதில்லையாம், அரை நிமிடம் மிச்சமாம். ஈரக் காலை அப்படியே நுழைத்தார்.

முதல் கிலோமீட்டர் சொர்க்கம். ஷூ நிஜமாகவே தள்ளியது. ஒருவரை முந்திக்கூடப் போனார். அந்த ஒருவர் குனிந்து நாடா கட்டிக்கொண்டிருந்தார் என்பது உண்மைதான், ஆனாலும் முந்தியது முந்தியதுதானே. பிறகு ஒரு திருப்பம் வந்தது. ஷூ அவரை நேராகவே தள்ளியது, சாலை இடப்பக்கம் போனது. அடுத்த திருப்பத்தில் கணுக்கால் ஆடியது. ஆறாவது கிலோமீட்டரில் இரண்டு குதிகாலிலும் கொப்புளம் உடைந்து எரிய ஆரம்பித்தது. சாலையோரம் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார்.

சைக்கிளில் வந்த நடுவர் எட்டிப் பார்த்தார். "வெறுங்காலோட ஓடினா போட்டியிலேருந்து எடுத்துடுவோம் சார்."

இவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் நான்கு கிலோமீட்டர், மிச்சம் முப்பத்தாறு நிமிடம். நொண்டிக்கொண்டு நடந்தால் ஐம்பது ஆகும். அங்கே மகள் நிற்பாள். போன வருடம் கேட்டதை இந்த வருடம் அவள் கேட்கக்கூட மாட்டாள். அவளாகவே பதிலைத் தெரிந்துகொண்டுவிடுவாள்.

அப்போது பின்னாலிருந்து ஒரு அம்மாள் மெதுவாக ஓடி வந்தாள். வயது ஐம்பத்தைந்து இருக்கும். நகரப் பேருந்து ஓட்டுகிறவள். காலையில் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் இவருக்கு நாலு சைக்கிள் தள்ளி நின்று, "லேட்டா வந்தாலும் கதவைத் திறந்துதானே ஆகணும்" என்று எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தவள். அவளுடைய மூக்குக் கண்ணாடியில் காதில் மாட்டும் கால் ஒன்று டேப் சுற்றி ஒட்டியிருந்தது.

"ஷூவைப் பார்த்தா ராக்கெட் மாதிரி இருக்கு" என்றாள். "ராக்கெட் ஏன் ஓரமா உட்கார்ந்திருக்கு?"

அவர் குதிகாலைக் காட்டினார்.

"ஐயையோ!" அவளும் பக்கத்தில் உட்கார்ந்து ஷூவை அவிழ்த்து, தன் சாக்ஸை உருவி நீட்டினாள். "போடுங்க."

"அக்கா, உங்களுக்கு?"

"என் ஷூவுக்கு நாலு வயசு. என்னைவிட அதுக்குத்தான் என் காலை நல்லாத் தெரியும்."

"ஈரமா இருக்கே."

"இஸ்திரி போட்டுத் தர இப்ப நேரமில்ல தம்பி. பேசாம போடுங்க."

போட்டார். எரிச்சல் பாதி அடங்கியது. அவள் தன் நாடாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அவர் காத்து நின்றார்.

"என்ன பார்க்கிறீங்க? பஸ் கிளம்பிடுச்சு, ஓடுங்க!"

அவர் ஓடினார். ஷூ தள்ளியதா என்று யோசிக்க நேரமில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் வயசான மாடு மாதிரி அகலமாக வளைந்து, திருப்பம் முடிந்ததும் ஓடினார். முடிவுக்கோட்டின் வளைவு தெரிந்தது. மோட்டார் பக்கத்தில் ஒருவன் சுவிட்சில் கை வைத்து நின்றான். மூன்று மணி ஐம்பத்தொன்பது நிமிடம் இருபது விநாடிக்கு அவர் கோட்டைத் தாண்டினார். வளைவு நிமிர்ந்து நின்றது.

மெடலைக் கழுத்தில் போட்டார்கள். மகள் ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாள். "அப்பா, அப்பா! உங்களுக்குப் பின்னாடியும் ஒருத்தங்க வர்றாங்க!"

அவர் திரும்பிப் பார்த்தார். பேருந்து அம்மாள் வந்துகொண்டிருந்தாள். டேப் பிய்ந்து கண்ணாடியின் ஒரு கால் காணாமல் போயிருந்தது போல. ஒரு கையால் அதை மூக்கோடு பிடித்திருந்தாள். எட்டு விநாடி மிச்சம் இருக்கும்போது அவளும் உள்ளே வந்தாள். கூட்டம் கைதட்டியது. மகள் எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டினாள். அவருக்கு மட்டும் கை கனத்தது. அந்த அம்மாள் தனக்குப் பின்னால் வந்ததன் காரணம் அவர் காலில் இருந்தது.

நன்றி சொல்ல நெருங்குவதற்குள் மற்றவர்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். "டேப் போச்சு" என்று யாரிடமோ சிரித்தாள். "கால் பையில இருக்கு. நாளைக்குக் காலையில அஞ்சரைக்கு வண்டி எடுக்கணும். எப்படியாவது கட்டிக்கணும்."

மனைவியும் மகளும் சாப்பாட்டு வரிசையில் நிற்க, அவர் சைக்கிளை எடுக்கப் போனார். சைக்கிள் நிறுத்தும் இடம் காலியாக இருந்தது. எல்லோரும் பரிசளிப்பைப் பார்க்கப் போயிருந்தார்கள். பேருந்து அம்மாள் குளிக்கப் போயிருக்க வேண்டும். அவளுடைய ஹெல்மெட்டுக்குள், துண்டின்மேல், கண்ணாடி இரண்டு துண்டாகக் கிடந்தது.

குனிந்து பார்த்தார். கீல் நன்றாகத்தான் இருந்தது. அதில் இருக்க வேண்டிய ஒரு சின்ன ஸ்க்ரூதான் இல்லை.

தன் பையிலிருந்த சாவிக்கொத்தில் தொங்கிய குட்டி ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். மாற்று ஸ்க்ரூ கைவசம் இல்லை. பிறகு தன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணருகே கொண்டுபோனார். இருபது வருடமாக இதே வேலை. அளவு ஒன்றுதான் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

தன்னுடைய வலப்பக்க ஸ்க்ரூவைக் கழற்றி அவளுடையதில் முடுக்கினார். காலை நாலு தடவை மடக்கி விரித்தார். மூக்குத் தாங்கியை லேசாகச் சரிசெய்தார். டேப்பின் பிசுக்கை நகத்தால் சுரண்டி, தண்ணீர் தொட்டு அதன் இரண்டு வில்லைகளையும் துடைத்தார். இருந்த இடத்தில் இருந்தபடியே வைத்தார்.

தன் கண்ணாடியின் தனிக் காலைப் பையில் போட்டுக்கொண்டு, மிச்சத்தை மூக்கில் மாட்டி, அது விழாமல் தலையை இடப்பக்கம் சாய்த்தபடி, சைக்கிளை உருட்டிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார்.