தகட்டில் ஒரு மூட்டம்

கொட்டகைக்குள் மெருகு இயந்திரம் உறுமத் தொடங்கினாலே லெட்டிக்கு உள்ளங்கால் குறுகுறுக்கும். நாலு வருஷமாக அவள் புறப்பட்டுக்கொண்டே இருக்கிறாள். இன்னும் வாசல் தாண்டியபாடில்லை.

வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் அந்த டிரெய்லர் வீடு என்னவோ அழகிதான். 1957-ல் செய்தது. முட்டையைப் பிடித்து இரண்டு பக்கமும் இழுத்துவிட்ட மாதிரி உருண்ட அலுமினிய உடம்பு. ஒரு கோதுமை விவசாயியின் களஞ்சியத்துக்குப் பின்னால், எலிகள் பேரன் பேத்தி எடுத்துக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்த நிலையில்தான் லெட்டியின் கணவன் ஆரின் அதை இழுத்து வந்தான். வயலுக்கு மருந்து தெளிக்கும் சின்ன விமானங்களை முப்பது வருஷம் பழுது பார்த்தவன் அவன். அலுமினியத்தின் ஜாதகமே அவனுக்கு அத்துப்படி. லெட்டி இருபத்திரண்டு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். இரண்டு பேரும் ஓய்வு பெற்ற வாரத்தில் சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒரு முடிவு எடுத்தார்கள். ஒவ்வொரு வருஷமும் முதல் பனி விழும் முன் டிரெய்லரை மாட்டிக்கொண்டு ஓரிகனை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். குளிர்காலம் முழுக்க அரிசோனா பாலைவனத்தில். நெருப்பு மூட்டி, பழைய டிரெய்லர்க்காரர்களோடு வம்பளந்து, பங்குனி வெயில் ஏறிய பிறகு திரும்பி வர வேண்டும்.

முதல் வருஷம் தரைப்பலகை மக்கியிருந்தது. சரி, நியாயம். இரண்டாம் வருஷம் ஆணிகள். தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் நூற்றுக்கணக்கான ரிவெட் ஆணிகளைப் பிடுங்கிப் புதிதாக அடித்தார்கள். வெளியிலிருந்து ஆரின் அடிப்பான், உள்ளேயிருந்து லெட்டி இரும்புக் கட்டியை அழுத்திப் பிடித்திருப்பாள். தகட்டை ஒரு தட்டு தட்டினால் இன்னும் அடி என்று அர்த்தம், இரண்டு தட்டினால் போதும். அந்த வருஷம் அவர்கள் பேசிக்கொண்டதில் பாதி தட்டல்தான். மூன்றாம் வருஷம் மெருகு. இதோ, நாலாவது வருஷம் அக்டோபர் பதினொன்று. மறுபடியும் மெருகு.

அரைத்த மாவையே அரைப்பது என்பார்கள். ஆரின் மெருகு போட்ட தகட்டுக்கே மெருகு போட்டான். காலையில் கம்பளி வட்டை மாட்டி ஒரு சுற்று, மத்தியானம் களிம்பை மாற்றி ஒரு சுற்று. லெட்டி எட்டிப் பார்த்து, "நல்லாத்தானே மின்னுது?" என்றால் ஒரே பதில்தான் வரும்.

"உனக்குக் கண்ணு பத்தாது லெட்டி. இது பழகின கண்ணு பாக்கற வேலை."

அவளும் நம்பினாள். உட்புறம் அவளுடைய ராஜ்யம், வெளிப்புறம் அவனுடையது. அவள் அலமாரிகளைத் தேய்த்தாள், திரை தைத்தாள், கோப்பைகளைத் துண்டில் சுற்றி அடுக்கினாள். பனி விழுந்ததும் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வீட்டுக்குள் கொண்டு வைத்தாள். இப்படி மூன்று தடவை. இருபத்திரண்டு வருஷம் ஒரே ஊரின் ஒரே ஏழு தெருக்களில் வண்டி ஓட்டியவளுக்கு எங்கேயாவது போய்விட வேண்டும் என்ற வெறி எப்படி இருக்கும் என்பதை நீங்களே நினைத்துப் பாருங்கள். இரவு படுத்தால் கால் தானாகவே பிரேக்கைத் தேடியது. அறுபத்து நாலு வயதாகிறது. இன்னும் எத்தனை அக்டோபர் மிச்சம் என்று யாருக்குத் தெரியும்?

அன்று மத்தியானம் தக்காளி சூப்பும் சுட்ட சீஸ் சாண்ட்விச்சும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். ஆரின் தலை முதல் கால் வரை கறுத்திருந்தான். அலுமினியம் வெளியே வெள்ளி, தேய்த்தால் வருவதெல்லாம் கரி. கண்ணாடி மாட்டியிருந்த இடம் மட்டும் இரண்டு வெள்ளை வட்டம்.

"ஆரின், இன்னிக்கு என்ன தேதி?"

"சாப்பாடு கொண்டு வந்தியா, காலண்டர் கொண்டு வந்தியா?"

"புதன்கிழமைக்குள்ள கணவாய்ல பனின்னு ரேடியோல சொல்றான். திங்கட்கிழமை கிளம்பறோம்."

ஆரின் இயந்திரத்தைக் கீழே வைத்தான். கையைத் துடைத்தான். துடைத்த கையையே திரும்பத் துடைத்தான்.

"கதவுப் பக்கத் தகடு சரியில்ல லெட்டி. எவ்வளவு தேச்சாலும் மூட்டம் போகல. அதைக் கழட்டிட்டுப் புதுசு போடணும். தகடு வரவே மூணு வாரம் ஆகும்."

"மூணு வாரம்னா?"

"அடுத்த வருஷம்தான்."

லெட்டி சூப்புக் கிண்ணத்தை வேலைப் பலகையில் வைத்த வேகத்தில் பாதி கவிழ்ந்தது. "அடுத்த வருஷம்! உன் வாயில அந்த ரெண்டு வார்த்தையத் தவிர வேற ஒண்ணும் வராதா? நீ செத்தா பெட்டிக்கும் மெருகு போட்டுத்தான் படுப்ப. அப்பவும் பாதிரியார்கிட்ட, இன்னும் கொஞ்சம் மூட்டம் இருக்கு, அடுத்த வருஷம் புதைக்கலாம்னு சொல்லுவ!"

"கத்தாத. வேணும்னா சோதிச்சுக் காட்டறேன்."

மெருகுக்காரர்களுக்கு ஒரு சோதனை உண்டு. அளவு நாடாவைத் தகட்டின் மேல் செங்குத்தாக ஊன்றி நிறுத்த வேண்டும். தகட்டுக்குள் நாடாவின் பிம்பம் விழும். அந்தப் பிம்பத்தில் எத்தனை அங்குலம் வரை எண் தெளிவாகத் தெரிகிறதோ அவ்வளவு மெருகு. பன்னிரண்டு தெரிந்தால் கண்காட்சிக்கே கொண்டுபோகலாம்.

ஆரின் நாடாவை நிறுத்தினான். குனிந்தான். "பாரு. அஞ்சு. அதுக்கு மேல எல்லாம் பால்ல முக்கின மாதிரி."

சண்டை போடுவதற்குத்தான் லெட்டி குனிந்தாள். தகட்டுக்குள் அஞ்சு தெரிந்தது. எட்டு தெரிந்தது. பன்னிரண்டு தெரிந்தது. பதினைந்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த ஒரு துளி களிம்பும் தெரிந்தது.

"பன்னண்டு தெரியுதே."

"போ."

"பதினஞ்சும் தெரியுது. அதுக்கு மேல உன் மூக்கு முடி தெரியுது, ஆரின்."

அவன் மறுபடி குனிந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தான். "அஞ்சுதான்" என்றான், கொஞ்சம் சின்னக் குரலில்.

பேருந்து ஓட்டுகிறவர்களுக்கு முதுகிலும் ஒரு கண் இருக்கும். லெட்டிக்குச் சட்டென்று என்னவோ பிடிபட்டது. வேலைப் பலகையில் கிடந்த களிம்பு டப்பாவை எடுத்துக்கொண்டு பத்தடி பின்னால் போய்ப் பிடித்துக் காட்டினாள்.

"இதுல என்ன எழுதியிருக்கு?"

"களிம்பு."

"அது டப்பாவோட நிறத்தை வெச்சு சொல்ற. எழுத்தைப் படி."

ஆரின் படிக்கவில்லை. அவள் ஐந்தடி முன்னே வந்தாள். அப்போதும் படிக்கவில்லை. அவன் உதடு மட்டும் என்னவோ முணுமுணுத்தது. பிறகு கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் மெல்ல உட்கார்ந்தான்.

மூட்டம் தகட்டில் இல்லை. இரண்டு வருஷமாகத் தன் கண்ணில் விழுந்திருந்த புரையை அலுமினியத்தில் தேடித் தேடித் தேய்த்திருக்கிறான் மனுஷன்!

லெட்டிக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அவனை அந்த வாளியோடு சேர்த்து உதைக்க வேண்டும் போலவும் இருந்தது. "உனக்குக் கண்ணு பத்தாதுன்னு என்னைச் சொன்னியே! ரெண்டு வருஷமா!"

"தகடுன்னுதான் நெனச்சேன். சத்தியமா."

"ரோட்டுல? வண்டி ஓட்டறப்ப?"

"அது வேற. எதிர்ல லாரி வந்தா விளக்கு பூவா விரிஞ்சுடுது. பலகையெல்லாம் பக்கத்துல போனாத்தான் தெரியுது. வயசாச்சு, தூக்கமில்லைன்னு நானே ஏதாவது சொல்லிக்குவேன். பின்னாடி டிரெய்லரையும் மாட்டிக்கிட்டு மலை இறங்கறதை நெனச்சா பயமா இருக்கு."

"ஏண்டா சொல்லல?"

"சொன்னா நீ ஓட்டறேன்னு சொல்லுவ."

"சொன்னா என்ன?"

"இது பஸ் இல்ல லெட்டி. பின்னாடி இருபத்திரண்டு அடி ஆடிக்கிட்டே வரும்."

"நாப்பது பிள்ளைங்களை ஐஸ்ல ஏத்தி இறக்கினவ நான். உன் டிரெய்லர் பின்னாடி உக்காந்து வாந்தியாவது எடுக்காது."

கண் டாக்டர் மறுநாளே பார்த்தார். இரண்டு கண்ணிலும் புரை, நன்றாக முற்றியிருக்கிறது, எடுத்துவிடலாம், ஆனால் இங்கே ஜனவரிக்கு முன்னால் இடமில்லை என்றார். லெட்டி அங்கே உட்கார்ந்தபடியே அரிசோனாவுக்குப் போன் போட்டாள். அங்கேயும் ஜனவரிதான். "அங்க குளிர்காலத்துல பாதிப் பேர் கண்ணுல புரை எடுத்துக்க வந்தவங்கதான். வெயில்ல உக்காந்து காத்திருக்கலாம்" என்றாள்.

திங்கட்கிழமை காலை லெட்டி பிக்கப் வண்டியைப் பின்னால் எடுத்து ஒரே தடவையில் கொக்கிக்கு நேராக நிறுத்தினாள். வழியனுப்ப வந்த பக்கத்துப் பண்ணை கஸ் கை தட்டினார். "ஆரின், உனக்கு இது மூணு தடவையாவது ஆகும்!" என்று வேறு சொன்னார். ஆரின் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டான்.

இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக டிரெய்லர் கொட்டகையை விட்டு வெயிலுக்கு வந்தது. கொக்கியைச் சரிபார்க்க இறங்கிய லெட்டி அப்படியே நின்றுவிட்டாள்.

அந்தக் காலத்துத் தகட்டின் மேல் காகிதத்தை விட மெல்லிசாகச் சுத்த அலுமினியத் தோல் ஒன்று இருக்கும். மினுக்கம் எல்லாம் அதில்தான். தேய்த்துத் தேய்த்து அந்தத் தோல் போய்விட்டால் அடியில் இருக்கிற கலப்பு உலோகம் என்ன செய்தாலும் மின்னாது. கொட்டகையின் குழல்விளக்கில் தெரியாதது வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. அன்று நாடா ஊன்றிய இடம் தப்பியிருந்தது, கதவுப் பக்கத்தின் மற்ற இடமெல்லாம் சாம்பல் சாம்பலாகத் திட்டுகள். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். எண்ணினாள். ஒன்பது. பிடிவாதமாக அவன் தேய்த்த இடமெல்லாம் பாழ். ஒரு தடவை மெருகோடு விட்ட மறுபக்கம் ஆற்று நீர் மாதிரி ஜொலித்தது.

கஸ்ஸும் பார்த்துவிட்டார். "ஏம்ப்பா ஆரின், இந்தக் கதவுப் பக்கம் என்ன..." என்று தொடங்கியவரின் வாயில் லெட்டி வழிக்கு வைத்திருந்த ஒரு டோனட்டைத் திணித்தாள். கஸ் நல்லவர். மென்றுகொண்டே புரிந்துகொண்டார்.

"என்ன சொல்றாரு கஸ்?" ஆரின் ஜன்னல் வழியாகக் கேட்டான்.

"கண்ணைக் கூசுதாம். விலகி நிக்கறாரு."

அவள் பொய் சொல்லிப் பழகாதவள். ஆனால் உண்மையைச் சொன்னால் அவன் இறங்கிவிடுவான், டிரெய்லர் கொட்டகைக்குத் திரும்பிவிடும், அவளும் திரும்பிவிடுவாள். அந்த ஒரு நிமிஷம் அவளுக்கு அவனை விடச் சாலைதான் பெரிதாக இருந்தது. அதை நினைத்து வெட்கப்பட்டாள். வெட்கப்பட்டுக்கொண்டே வண்டியை எடுத்தாள்.

ஐடஹோ, நெவாடா, வெறும் மண், வெறும் வானம். நாலு வருஷம் கனவு கண்ட சாலை காலடியில் ஓடியது, அவளால் அதைத் தின்னவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. பெட்ரோல் போட நிறுத்தினால் போதும், யாராவது ஒருவர் அதிசயப்பட்டு வந்துவிடுவார். ஆரின் தகட்டைத் தடவிக்கொண்டே, "என் கையால போட்ட மெருகு" என்பான். லெட்டி ஓடி வந்து அவர்களை மறுபக்கத்துக்கு இழுத்துப் போவாள். அரிசோனாவில் இடம் பிடித்தபோதும் கதவுப் பக்கம் ஒரு புதருக்கு நேராக வரும்படி வண்டியை ஒடித்து ஒடித்து நிறுத்தினாள். பக்கத்து டிரெய்லர்க்காரர்கள் அவளுக்கு வண்டி நிறுத்தத் தெரியாது என்று நினைத்துக்கொண்டார்கள். நவம்பர், டிசம்பர். மற்றவர்கள் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பாடினார்கள். லெட்டி எழுந்து எழுந்து நடந்தாள். ஜனவரி வர வேண்டும் என்று ஒரு மனசு, வரவே கூடாது என்று ஒரு மனசு.

ஜனவரி அவளைக் கேட்டுக்கொண்டா வரும்? ஒரு செவ்வாய்க்கிழமை வலது கண்ணில் புரையை எடுத்தார்கள். புதன் காலை டாக்டர் மூடியைக் கழற்றிச் சொட்டு மருந்து கொடுத்து அனுப்பினார். வழி நெடுக ஆரின் பலகைகளை வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தான். முடி திருத்தகம். டயர். முட்டை மலிவு. வண்டி நின்றதும் இறங்கி நேராகப் புதர்ப் பக்கம் போனான்.

லெட்டி உள்ளே போய்க் கழுவிய கோப்பையையே கழுவினாள். மெல்லிய தகட்டுக்கு அந்தப் பக்கம் அவன் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு சுற்று. நின்று நின்று இன்னொரு சுற்று. கதவருகில் செருப்பு நின்றுவிட்டது. அவன் கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது.

கதவு திறந்தது. ஆரின் உள்ளே வந்து மேசை முன் உட்கார்ந்தான். லெட்டி கோப்பையை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஒம்போது" என்றான்.

"ம்."

"கெளம்பறப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"என்னால இனி ஒண்ணும் பண்ண முடியாது. அடி உலோகமே வந்துடுச்சு. சரியா இருந்த தகட்டை நானே தின்னுட்டேன்." மேசை ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்தான். "சொல்லியிருக்கலாமே லெட்டி."

"சொன்னா நீ இறங்கியிருப்ப. நான் கெளம்பணும்னு இருந்தேன். உன்னை விட எனக்கு அதுதான் பெருசா இருந்துச்சு. திட்டணும்னா திட்டு."

அவன் திட்டுவான் என்று காத்திருந்தாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஜன்னல் வெளிச்சம் அவள் முகத்தில் நேராக விழுந்திருந்தது. கை நீட்டி அவள் கண்ணோரத்தைத் தொட்டான், கன்னத்தைத் தொட்டான், வாயோரத்து இரண்டு கோடுகளைத் தொட்டான்.

"இதெல்லாம் எப்ப வந்துச்சு?"

"நீ தேச்சுக்கிட்டு இருந்தப்ப."

ஆரின் தலையைக் குனிந்துகொண்டான். தகட்டின் ஒன்பது திட்டுக்கும் அழாதவன் அதற்கு அழுதான். கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். லெட்டி காகிதத் துண்டை எடுத்துக் கொடுத்தாள். அவளுக்கும் ஒன்று எடுத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் மூக்கைச் சிந்திவிட்டு, "வண்டிய ஏன் புதருக்குள்ள சொருகி வெச்சிருக்க? கதவு பாதிதான் திறக்குது. வெளிய எடு" என்றான்.

"எல்லாரும் பாப்பாங்க."

"பாக்கட்டும்."

லெட்டி சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். ஆரின் வெளியே போய், புதருக்கு அப்பால் வெயிலில் நின்றுகொண்டு, அவளுக்குக் கை காட்டத் தொடங்கினான்.