யாரும் பிடுங்காத பாட்டு

பூட்டு உடைக்க வந்தவரு கதவுல காத வச்சுக் கேட்டுட்டு, "உள்ள பாட்டு ஓடுதேம்மா, ஆளு இருக்காரு போல"ன்னாரு.

அக்கா கையில இருந்த போன்லயும் அதே பாட்டுதான் ஓடுறதாக் காட்டுச்சு.

"உடைங்க"ன்னா.

அக்காவுக்கும் தம்பிக்கும் பாட்டு கேக்குற ஆப்புல ஒரே அக்கவுண்ட். ஒரு நேரத்துல ஒருத்தர்தான் கேக்க முடியும். இவ அமுக்கினா அவனுக்கு நின்னுடும், அவன் அமுக்கினா இவளுக்கு. நாப்பது வயசத் தாண்டின ரெண்டும் இதையே விளையாட்டா வச்சிருந்துதுங்க. அவன் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் கூண்டு மேல உக்காந்து கிரீஸ் தடவுறப்ப இவ பிடுங்குவா. இவ தையல் மெஷின மிதிக்கிறப்ப அவன் பிடுங்குவான். அவன் ஒரு நிமிஷத்துக்கு மேல விட்டுக்குடுத்ததா சரித்திரமே கெடையாது.

வெள்ளிக்கிழமதான் போன்ல சண்ட. நெஞ்சு பாரமா இருக்குன்னு புலம்பினவன், இன்னும் டாக்டர்கிட்டப் போகலியாம். "இனி நீயாச்சு உன் நெஞ்சாச்சு"ன்னு வச்சுட்டா.

சனிக்கிழம அவன் பாட்டு ஓடுச்சு. இவ பிடுங்கல. ரோஷம், வேற என்ன. அவனா இறங்கி வரட்டும்னு இருந்துட்டா. ஞாயித்துக்கிழம காலைலயும் ஓடுச்சு. அப்பதான் கீழ்வீட்டம்மா போன் பண்ணி, நேத்துலேந்து கதவே தெறக்கல, தட்டினாலும் பதில் இல்ல, ஆள வச்சுத் தெறந்து பாக்கவான்னு கேட்டாங்க. இவ சிரிச்சுட்டா. அவன் ஜம்முனு பாட்டு கேட்டுக்கிட்டு இருக்கான், என் போன்லயே தெரியுது, லீவு நாள்ல அவன எழுப்புனா கடிச்சு வச்சுருவான், விட்டுடுங்கன்னா.

திங்கக்கிழம அவன் வேலைக்கு வரலன்னு கம்பெனிலேந்து கூப்பிட்டாங்க. அப்பதான் என்ன பாட்டு ஓடுதுன்னே பாத்தா. காதுல விழுந்தாலே அவன் எழுந்து போயிடுற ரகப் பாட்டு. நாம நிறுத்தலன்னா அந்த ஆப்பு தானா எதையாவது போட்டுக்கிட்டே போகும். அது இவளுக்கும் தெரியும்.

கதவு தெறந்துது. தம்பி தரையில கெடந்தான். கதவப் பாத்து ஊர்ந்து வந்திருக்கான், பாதி தூரம். போன் மேஜ மேல, சார்ஜர்ல, எட்டாத எடத்துல.

டாக்டர் வந்து பாத்தாரு. ரெண்டு நாளா விழுந்தபடியே இருந்திருக்காரு, உசுரு போனது நேத்து சாயங்காலமாத்தான் இருக்கும்னாரு.

சொந்தக்காரங்க ஒவ்வொருத்தரா வந்தாங்க. கூடத்துல தம்பியக் கெடத்தியிருந்தாங்க. பெரியப்பாதான் பொறுக்க மாட்டாம கீழ்வீட்டம்மாவப் பிடிச்சுக்கிட்டாரு. கீழேயே இருக்கீங்க, நீங்களாச்சும் ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதான்னு.

அந்தம்மா அக்கா மொகத்தப் பாத்தாங்க. அக்கா தம்பியோட காலப் பாத்தா. ஒரு காலுல மட்டும் செருப்பு.

"பாட்டு கேட்டுச்சுங்க. நல்லாத்தான் இருக்காருன்னு நெனச்சுட்டேன்"னாங்க அந்தம்மா.

பெரியப்பா தலைல அடிச்சுக்கிட்டாரு. நல்லா நெனச்சீங்க போங்கன்னாரு. அந்தம்மா முந்தானைய வாய்ல அழுத்திக்கிட்டு ஓரமாப் போயி நின்னாங்க. அக்கா தம்பி காலுல இருந்த அந்த ஒத்தச் செருப்பக் கழட்டி ஓரமா வச்சா.

எல்லாரும் வண்டி வந்துடுச்சான்னு பாக்க வாசலுக்குப் போனாங்க. அக்கா போன மடியில வச்சுக்கிட்டு, சத்தத்த முழுசாக் கொறச்சுட்டு, ஒரு பாட்ட அமுக்கினா.

ஒரு நிமிஷம் ஆச்சு. ரெண்டு நிமிஷம் ஆச்சு.

பாட்டு கடைசி வரைக்கும் ஓடி முடிஞ்சுது.