ஐந்து நிமிட வரி

தான் கை வைத்த எந்த லினக்ஸ் இயந்திரமும் தன்னை நடுத்தெருவில் விட்டதில்லை என்று புலி அறிவித்தான். பெற்ற அப்பாவே ஒருமுறை அவனைச் சினிமாக் கொட்டகையில் மறந்துவிட்டு வந்திருக்கிறார். லினக்ஸ் அப்படிச் செய்ததில்லை. இதைச் சிரிக்காமல் சொன்னான். 'நெட்வொர்க் புலி' என்ற பட்டத்தையும் தனக்குத் தானே சூட்டிக்கொண்டவன் என்பதால், சிரிக்கும் பொறுப்பு மற்றவர்களுடையதாயிற்று.

மருத்துவமனையின் கணினி அறையில் இரண்டே நாற்காலிகள். மற்றதில் இருந்தவருக்கு ஐம்பத்திரண்டு வயது, ஒரு முழங்கால் பழுது. அவருக்கு 'அஞ்சு நிமிஷம்' என்று பெயர் வைத்ததும் புலிதான். தொலைவிலிருக்கும் இயந்திரத்தின் நெட்வொர்க் வழியை மாற்றும் முன் அவர் ஒரு கட்டளை வரி தட்டுவார்: ஐந்து நிமிடத்தில் பழைய வழியை நீயே திரும்பப் போட்டுக்கொள். மாற்றம் சரியாக அமைந்தால் அந்த வரியை ரத்து செய்வார். தப்பித்தவறி தன் இணைப்பையே அறுத்துக்கொண்டால், இயந்திரம் தானாகப் பிழைத்துக்கொள்ளும். போதாக்குறைக்கு அங்குள்ள காவலாளியையும் சாவியோடு வாசலில் நிற்கச் சொல்வார்.

“கல்யாணத்துக்கு முன்னாடியே டைவர்ஸ் பத்திரம் எழுதி வெச்சுக்கிற ஆளு சார் நீங்க.”

“இருக்கட்டும் தம்பி. எனக்கு பயம்.”

அன்று பகல் அவசரப் பிரிவு நர்ஸ் வந்து நின்றார். நாலாம் படுக்கையில் ஒரு லாரி டிரைவர். இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை.

“தம்பி, ரத்த ரிசல்ட் எதுவும் ஸ்கிரீன்ல வரலை. பொட்டாசியம் எவ்வளவுன்னு தெரிஞ்சாதான் டாக்டர் மருந்து முடிவு பண்ணுவாங்க. லேப் பொண்ணு, வந்ததும் போன்ல வாசிக்கிறேன்னு சொல்லியிருக்கு. இருந்தாலும் பாரேன்.”

ஆய்வகம் இரண்டு தெரு தள்ளி. அங்கிருந்த இயந்திரம் வார்டிலிருந்து கூப்பிட்டால் பதில் சொல்லவில்லை. புலி வேறொரு பாதையைப் பிடித்து உள்ளே நுழைந்து ஒரே பார்வையில் கண்டுபிடித்தான். முந்தாநாள் போட்ட புது நெட்வொர்க் கார்டு, வெளியே போகும் வழியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தது. வார்டின் கேள்வி முன்வாசலில் நுழைகிறது. பதில் கொல்லைப்புறமாகப் போய்த் தொலைகிறது.

“ரெண்டே வரி சார். தப்பான வழிய அழி, சரியான வழிய போடு.”

“உன் வரிய முதல்ல போட்டுடாதே. அந்த அஞ்சு நிமிஷ வரி...”

“அங்க ஒரு உசுரு ஊசலாடுது. உங்க வைபவம் முடியிற வரைக்கும் அவர் காத்திருப்பாரா?”

முதல் வரியைத் தட்டினான். கர்சர் நின்றது. இரண்டாவது வரியின் முதல் எழுத்துகூடத் திரையில் ஏறவில்லை. அவன் நுழைந்ததே அந்தக் கொல்லைப்புற வழியாகத்தான்.

போன் அடித்தது. ஆய்வகப் பெண். “அண்ணா, இங்க எங்க ஸ்கிரீனும் போச்சு! நாலாம் படுக்கை ரிசல்ட்ட இப்பதான் திறக்கப் போனேன்.”

அஞ்சு நிமிஷம் எழுந்தார். இயந்திரத்தில் நேரே செருக ஒரு கீபோர்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காலை இழுத்து இழுத்து ஆய்வகத்துக்கு ஓடினார். இயந்திர அறை பூட்டியிருந்தது. சாவியோடு காவலாளி சாப்பிடப் போயிருந்தார். அவரை யாரும் நிற்கச் சொல்லவில்லை.

புலிக்குச் செய்ய ஒன்றுமில்லை. உறைந்த திரையில் எதையெதையோ தட்டிக்கொண்டிருந்தான். ஐந்து நிமிடம் ஆனது. அந்த வரி இருந்திருந்தால் திரை இப்போது உயிர்பெற்றிருக்கும் என்று கடிகாரத்தைப் பார்த்து நினைத்தான். அடுத்த ஐந்துக்கும் அதையே நினைத்தான்.

வாசலில் டிரைவரின் மனைவி வந்து நின்றாள். செருப்பைக் கையில் பிடித்திருந்தாள்.

“கம்ப்யூட்டர் பாக்குறவரு நீங்கதானாமே? அந்த நம்பர் வந்துடுமா தம்பி?”

“வந்துடும்க்கா.”

“நீங்க கெட்டிக்காரர்னு நர்ஸம்மா சொன்னாங்க.”

நாற்பத்தோராவது நிமிடம் எண் வந்தது: எட்டு. பொட்டாசியம் ஆறைத் தாண்டினாலே ஆபத்து. அதற்கு முன்பே நாலாம் படுக்கையைச் சுற்றித் திரைச்சீலையை இழுத்திருந்தார்கள். முன்னால் வந்திருந்தாலும் பிழைத்திருப்பாரா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். புலிக்கு அதைக் கேட்டு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அறிக்கையை அஞ்சு நிமிஷம்தான் எழுதினார். தடை: நாற்பத்தொரு நிமிடம். காரணம்: புதிய நெட்வொர்க் கார்டு. யார் கை என்று எழுதவில்லை. புலி ஒரு குத்தல் பேச்சுக்காகக் காத்திருந்தான்.

“முட்டி வீங்கிடுச்சு. அந்த ஸ்டூலை இந்தப் பக்கம் தள்ளு தம்பி” என்றார் அவர். அவ்வளவுதான்.

மறுவாரம் ரத்த வங்கி இயந்திரத்தின் வழியை மாற்ற வேண்டியிருந்தது. அவர் முட்டிக்கு மருந்து வாங்கப் போயிருந்தார். புலி எழுந்து கதவைச் சாத்தினான். முதலில் அந்த வரியைத் தட்டி, சரியாக ஏறியிருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தான். பிறகு போனை எடுத்துக் குரலைத் தாழ்த்தினான்.

“அண்ணே, சாவிய எடுத்துக்கிட்டு மெஷின் ரூம் வாசல்ல கொஞ்சம் நில்லுங்க. இல்லண்ணே, ஒண்ணும் ஆகலை. ஒரு அஞ்சு நிமிஷம்.”