வெறுங்கையோடு போனவள்

…நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா, அதுவும் கால்வாய்த் தண்ணீரில் கொட்டிய சொல்லை, என்று தன்னையே திட்டிக்கொண்டு கமலராணி பாரிஸின் ஸ்டாலின்கிராட் பக்கத்திலிருந்து லா சப்பல் பக்கம் விறுவிறுவென்று நடந்தாள், தலைக்கு மேலே பாலத்தில் மெத்ரோ ரயில் தடதடத்துப் போனது, யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டதுபோலவும் இருந்தது, திரும்பக் கூடாது, ஹலீனா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள், பொம்மையைத் தண்ணீரில் போட்டபின் திரும்பிப் பார்த்தால் அந்தப் பொம்மைக்குரிய தெய்வம் கூடவே வீட்டுக்கு வந்துவிடுவாளாம்… இனி அவள் களவாகப் பின்தொடர வேண்டுமா என்ன, அதுதான் வாய் நிறைய அழைத்தாயிற்றே. போயிட்டு வாங்கோ! யாரைப் பார்த்து? சாவுக்கே தெய்வமானவளைப் பார்த்து. அவளைத் துரத்தப் போன இடத்தில் இந்த உலகத்தில் வேறு யாராவது இப்படிச் சொல்லியிருப்பார்களா?

ஹலீனா மேல்மாடிக்காரி, போலந்துக்காரி, இரண்டு பேருக்கும் அரைகுறைப் பிரெஞ்சுதான், ஆனாலும் பதினைந்து வருசமாகக் கதைத்துத் தீரவில்லை. அவர்கள் ஊரில் பாதிரிமார் வருவதற்கு முன்னாலிருந்தே ஒரு தெய்வம் இருக்கிறாளாம், மார்சான்னா என்று பெயர், பனியும் அவள்தான், நோயும் அவள்தான், சாவும் அவள்தான், குளிர்காலம் முடிகிற நாளில் அவளை வைக்கோலில் செய்து, உடுப்புப் போட்டு, கொளுத்தி ஆற்றில் விட்டால்தான் வசந்தம் வருமாம். உன் மனுசன் பிழைத்து வந்திருக்கிறான், இந்த வருசம் நீதான் போட வேண்டும் என்று ஹலீனா பிடிவாதமாக நின்றாள். பாரிஸில் வைக்கோலுக்கு எங்கே போவது? முயலுக்குப் போடவென்று கடையில் விற்கிற பையை வாங்கி வந்தார்கள். மனுசன் தவசீலன் இருமி இருமிக் கிடந்த நாளெல்லாம் கழுத்தில் சுற்றியிருந்த மண்ணிறச் சால்வையைக் கமலராணி கொடுத்தாள். கட்டி முடித்துப் பார்த்தால், பெண்பிள்ளை, நெற்றி வெறுமையாக இருக்கிறதே… மனம் கேட்கவில்லை, ஒரு பொட்டு வைத்துவிட்டாள். ஹலீனா விழுந்து விழுந்து சிரித்தாள். கொளுத்தினால் பொலிஸ் வரும் என்று வெறும் பொம்மையாகவே விட்டார்கள், அது பொட்டும் சால்வையுமாக ஆடி ஆடி மிதந்தது, அந்த நேரம் பார்த்துத்தான் கை தானாகக் குவிந்தது, வாய் தானாகச் சொன்னது. என்ன சொன்னாய் என்று ஹலீனா கேட்டாள், ஒன்றுமில்லை என்றாள் கமலராணி. பழைய தெய்வத்தைத் தண்ணீரில் தள்ளிய கையோடு ஹலீனா ஞாயிறு பூசைக்கு ஓடிவிட்டாள், கெட்டிக்காரி.

செத்த வீட்டிலிருந்து புறப்படும்போது போயிட்டு வாறன் என்று யாராவது சொல்வார்களா, சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே, சொல்லாமல்தான் எழும்பிப் போக வேண்டும்… அன்றைக்குத் தவசீலனும் சொல்லாமல்தானே போனார். வேலைக்குப் போகும்போது ஒரு நாளும் சொல்லாமல் படியிறங்காத மனுசன், அம்புலன்ஸ்காரர் முகமூடி போட்டுத் தூக்கிக்கொண்டு போனபோது கண்ணால் மட்டும் பார்த்தார். குளிர்காலம் முழுக்க அவளை அரித்தது அந்த ஒன்றுதான், சொல்லாமல் போனவர் வருவாரா. இரண்டு நுரையீரலிலும் சளி, குழாய் போட்டு மெசின்தான் மூச்சு விட்டது, ஒரு நாள் டாக்குத்தர்ப் பெண் அவளை இருத்தி வைத்து, தோளில் கை போட்டு, மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள் என்றாள். ஹலீனா போத்தலில் சூப்போடு வந்து பக்கத்தில் குந்தியிருந்தாள். கட்டிலின் மற்றப் பக்கத்தில் இன்னொருத்தி இருந்தாள், அதைக் கமலராணி ஒருவருக்கும் சொல்லவில்லை, கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் இருந்தாள், அந்தக் குளிர், அந்த அமைதி… பிறகு ஒரு விடியலில் எழும்பிப் போய்விட்டாள். தவசீலன் கண்ணைத் திறந்து, தண்ணி, என்றார். அந்த டாக்குத்தர்ப் பிள்ளை நல்லாயிருக்க வேண்டும், ஹலீனா நல்லாயிருக்க வேண்டும், எத்தனை பேருக்கு நன்றி சொன்னாள், நேர்த்தி வைத்த பிள்ளையாருக்கு, மாதாவுக்கு, கழுவித் துடைத்த ஆபிரிக்கத் தாதிக்கு… எழும்பிப் போனவளுக்கு யார் சொன்னார்கள்?

பச்சைக் கொப்பு ஒன்றோடுதான் வீடு திரும்ப வேண்டும், அதுவும் ஹலீனாவின் சட்டம். லா சப்பல் கடையில் பச்சைக் கொப்பு என்றால் கறிவேப்பிலைதான், ஒரு பிடி வாங்கிக்கொண்டு மார்க்ஸ் டோர்மோய் தெருவிலிருக்கும் வீட்டுக்கு மூன்று மாடி ஏறினால், தவசீலன் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார். இன்றைக்குத்தானே திரும்பவும் வேலை, உணவகக் குசினியில் அரைநாள் மட்டும், பாரம் தூக்கக் கூடாது. மெலிந்துபோன கழுத்து, சால்வை இல்லாத கழுத்து.

“நீர் ஏன் இப்பிடி மூச்சு வாங்கிறீர், ஆராவது துரத்தினவையே?”

“ஒருத்தரும் இல்லையப்பா.”

“கறிவேப்பிலை வீட்டிலை கிடக்கெல்லே? சரி… போயிட்டு வாறன்.”

எவ்வளவு காலத்துக்குப் பிறகு கேட்கிறாள் அந்தச் சொல்லை, பதில் அவளைக் கேட்காமலே வந்தது, போயிட்டு வாங்கோ, கால்வாய்க் கரையில் சொன்ன அதே சொல், அதே குரல். அப்போதுதான் விளங்கியது. வீட்டுக்கு வந்தவர்களை அவள் ஒரு நாளும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை, ஒரு வாழைப்பழமாவது கையில் திணிப்பாள், குளிர்காலம் முழுக்க வந்து இருந்த ஒருத்தி இந்த மனுசனை விட்டுவிட்டு வெறுங்கையோடு எழும்பிப் போயிருக்கிறாள், அவளை வேறு எந்தச் சொல்லால் வழியனுப்புவது? வருவாள்தான், சொல்லாவிட்டாலும் ஒரு நாள் வருவாள், அன்றைக்குக் கட்டிலருகே மற்றக் கதிரையில் யார் இருப்பார்களோ, அவரோ தானோ… கீழே தெருக்கதவு அடிபட்டு மூடும் சத்தம் கேட்டது. கமலராணி கறிவேப்பிலையைப் பிடித்தபடி வாசலிலேயே நின்று, ஆறுதலாக வாங்கோ, அவசரமில்லை, என்றாள், ஆனால் அவர்தான் எப்போதோ படியிறங்கிப் போய்விட்டாரே.