ஒரே ஒரு தடவை கேட்டவள்

என் தம்பி ஆரின் ஒரு மடையன். இதை நான் சொல்லலாம். வேறு யாராவது சொன்னால் பொறுத்துக்கொள்ள மாட்டேன்.

பிப்ரவரி மாதம். ஏரி உறைந்து கெட்டியாகக் கிடந்தது. பனிக்கட்டியில் துளை போட்டு, அதன் மேல் நிறுத்திய எங்கள் மரக் குடிலுக்குள் நானும் அவனும் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்தோம். அன்று சாயங்காலம் சர்ச்சில் ஜீனாவுக்கு வழியனுப்பு விருந்து. ஜீனா மாட்டு டாக்டர், நியூ ஜெர்சிக்காரி. ஆரினுடைய பசுக்களுக்கு ஊசி போட வந்தவள், பசுக்கள் நன்றாக இருந்த நாட்களிலும் வந்துகொண்டிருந்தாள். ஊரே கல்யாணச் சாப்பாட்டுக்குக் காத்திருந்தது. அவளோ விடிந்ததும் மூட்டை முடிச்சோடு ஊருக்குத் திரும்புகிறாள்.

“ஏன்டா போறா?”

“தெரியலக்கா.” அவன் துளையைப் பார்த்தபடியே இருந்தான். தூண்டிலை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, “போன மாசம், என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியான்னு கேட்டா,” என்றான்.

“நீ என்னடா சொன்ன?”

“அதெல்லாம் எதுக்கு, உனக்கு வீண் சிரமம்னேன்.”

“சரி. அதுக்கு அவ?”

“அதோட விட்டுட்டாக்கா. ரெண்டாவது தடவை கேப்பா கேப்பான்னு பாத்துக்கிட்டே இருக்கேன்.”

கேட்டுவிட்டு இப்படி விட்டுவிட்டாளே என்று எனக்கு அவள்மேல்தான் கோபம் வந்தது. மின்னசோட்டா மாநிலத்தில் பிறந்தவர்கள் நாங்கள். எதைக் கொடுத்தாலும் முதலில் வேண்டாம் என்போம். மறுபடி கேட்டால், உங்களுக்கு எதற்குக் கஷ்டம் என்போம். மூன்றாவது தடவை கேட்டால், இவ்வளவு சொல்லும்போது மறுக்க முடியுமா என்று வாங்கிக்கொள்வோம். பனியில் கார் சறுக்கிப் பள்ளத்தில் கிடந்தாலும், உதவிக்கு வருகிறவனிடம் “நீங்க போங்க, நான் பாத்துக்கறேன்” என்போம். அவனும் போக மாட்டான், கயிற்றை எடுத்துக் கட்ட ஆரம்பித்துவிடுவான்.

நேராக ஜீனா வீட்டுக்குப் போனேன். பெட்டிகளுக்கு நடுவில் நின்றிருந்தாள். அடுப்பில் காபி மணத்தது. எனக்கோ விரல் நுனிகள் விறைத்துப் போயிருந்தன.

“காபி குடிக்கிறியா மார்லிஸ்?”

“ஐயோ, வேண்டாம்மா.”

“சரி,” என்று மிச்சக் காபியைத் தொட்டியில் கொட்டிப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள்.

திக்கென்றது. என் தம்பிக்கு நடந்ததும் இதுதானே!

“எனக்குக் காபி வேணும்டி!” என்று கத்தினேன். அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். “ஆரினுக்கும் வேணும். காபி இல்ல, நீ! அவன் வேண்டாம்னு சொல்லவே இல்ல. எங்க ஊர்ல அப்படிச் சொன்னா இன்னொரு வாட்டி கேளுன்னு அர்த்தம்.”

அவள் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். கண் கலங்கியிருந்தது, வாய் மட்டும் அடங்கவில்லை. “ஒரு மாசமா அழுதுக்கிட்டிருக்கேன் மார்லிஸ். ஆசை இருந்தா சரின்னு சொல்றதுக்கு என்ன கேடு? இன்னொரு தடவை நான் கேக்க மாட்டேன். வேணும்னா அவன் வந்து கேக்கட்டும்.”

ஆரினிடம் சொன்னபோது அவன் முகம் வெளுத்தது. “நானா? எனக்கு வேணும்னு நானே வாயைத் திறந்து சொல்றதா?”

“விடிஞ்சா போயிடுவாடா, மடையா.”

சர்ச்சின் கீழ்த்தளத்தில் ஊரே கூடியிருந்தது. கறியும் உருளைக்கிழங்கும் காலியாகிவிட்டன. எலுமிச்சைக் கேக்கில் ஒரே ஒரு துண்டு மிச்சம். கடைசித் துண்டை எங்களில் யாரும் எடுக்க மாட்டோம். பாதியை வெட்டி எடுப்போம், அடுத்தவர் அந்தப் பாதியில் பாதியை. அது கண்ணாடித் தாள் போல மெலிந்துபோனாலும் தட்டிலேயே இருக்கும்.

ஆரின் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான். ஜீனா, “வரேன்,” என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டினாள். எங்கள் ஆட்கள் விடைபெற்றால் மேஜையருகே அரை மணி, மாடிப்படியில் அரை மணி, கார் ஜன்னலில் அரை மணி என்று இழுப்பார்கள். இவள் விறுவிறுவென்று படியேறினாள்.

அப்போது ஆரின் சுவரை விட்டு வந்து, எதிர்ப்பட்ட மேஜையிலிருந்து அந்தக் கடைசித் துண்டை முழுசாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். கேக் செய்த ஆர்டிஸ் அம்மாளின் கையிலிருந்து கரண்டி விழுந்தது. எனக்கோ துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது.

“ஜீனா!” வாயெல்லாம் கேக் தூள். “எனக்கு நீ வேணும். என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியா?”

அவள் படியில் திரும்பி நின்றாள். “பண்ணிக்கிறேன்.”

கூட்டம் மூச்சை இழுத்தது. “உடனேயேவா?” என்று ஆர்டிஸ் அம்மாள் என் காதில் கிசுகிசுத்தாள். ஆரின் தடுமாறிப் போனான். அவள் இரண்டு தடவையாவது மறுப்பாள் என்று நினைத்து, அதற்கு மேல் பேசுவதற்குத்தான் தயாராக வந்திருந்தான்.

“இல்ல, உனக்குச் சிரமமா இருந்தா... நிஜமாவே பண்ணிக்கிறியா?”

“பண்ணிக்கிறேன்னுதானே சொல்றேன்!”

பழக்கம் யாரை விட்டது? மூன்றாவது தடவையும் கேட்டான். “அப்ப, பண்ணிக்கிறியா?”

“பண்ணிக்கிறேன்டா! பண்ணிக்கிறேன்! இந்த ஊர்ல யாருக்காவது காது கேக்குதா?”

மேலே சர்ச்சில் யாரோ ஒத்திகைக்கு வாசித்துக்கொண்டிருந்த ஆர்கன் வாத்தியம் சட்டென்று நின்றது. அவள் இறங்கி வந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்து முத்தமிட்டாள். “மோசமில்ல,” என்றாள் ஆர்டிஸ் அம்மாள். எங்கள் ஊரில் அதற்கு மேல் ஒரு பாராட்டு கிடையாது.

என் தம்பி அழுதான். எங்கள் ஆண்கள் அழுதால் குளிரில் கண்ணில் நீர் வருகிறது என்று சொல்லிச் சமாளிப்பார்கள். அறைக்குள் எல்லோருக்கும் வியர்த்துக்கொண்டிருந்தது. அவன் கண்ணைத் துடைத்துக்கொள்ளவே இல்லை.