பிலோமினா என்றால் முன்னால்

மேற்கு அணியின் வீடியோ அறையில் சிரிப்பு அடங்கவே இல்லை. திரையில் தெற்கு அணி ஆடிய பழைய ரக்பி ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. பக்கக்கோட்டருகே இரண்டு அணியும் இரண்டு வரிசையாக நிற்க, தெற்கு அணியின் நெட்டையன் ஒருவன் "பிலோமினா!" என்று கத்தினான். பந்து எறியப்பட்டதும் இருவர் அவன் தொடையைப் பிடித்து மேலே தூக்கினார்கள். எட்டிப் பிடித்தான்.

"யாருடா இந்தப் பிலோமினா? இவன் ஆளா?" என்றான் டெக்லன். மேற்கு அணியில் அந்தப் பந்துக்கு எகிறுபவன் அவன்தான்.

"எங்க அத்தை," என்றான் லோர்கன்.

சிரிப்பு சட்டென்று நின்றது.

திரையில் கத்தியவன் லோர்கனின் அண்ணன் ஃபின்டன். அந்தக் குறிச்சொற்கள் பிறந்தது டிப்பரரியில், அவர்கள் வீட்டு மாட்டுக்கொட்டகை முற்றத்தில். தம்பி எறிவான், அண்ணன் எகிறுவான். தூக்கிவிட ஆள் வேண்டுமே! ஒரு பக்கம் அப்பா, மறுபக்கம் ரப்பர் பூட்ஸோடு அம்மா பிரீடா. அத்தை பெயர் சொன்னால் பந்து வரிசையில் முன்னால், பசுவின் பெயர் என்றால் நடுவில், பாதிரியார் பெயர் என்றால் கடைசியில். பிள்ளைகள் இருவரும் தெற்கு அணியில் சேர்ந்தபோது அந்தச் சொற்களும் கூடவே போயின.

போன வசந்தத்தில் தெற்கு அணிப் பயிற்சியாளர் லோர்கனை அறைக்குக் கூப்பிட்டார். தேநீர் ஆறுவதற்குள் பேசி முடித்துவிட்டார். அடுத்த வருஷம் அவனுக்கு இடமில்லை. அதைக்கூட அவன் தாங்கிக்கொண்டான். வெளியே நின்ற அண்ணனின் முகத்தைப் பார்த்தபோதுதான் தாங்க முடியவில்லை. ஃபின்டனுக்கு முன்பே தெரிந்திருந்தது. தினமும் ஒரே காரில் பயிற்சிக்குப் போய் வந்தார்கள், வழியெல்லாம் பாட்டு கேட்டார்கள், கடைக்கு முன் நிறுத்திச் சுடச்சுட சிக்கன் ரோல் வாங்கித் தின்றார்கள். அண்ணன் இதைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

கால்வே நகரில் மேற்கு அணி அவனை ஆட்டப் பருவம் முடியும்வரை மட்டும் வைத்துக்கொண்டிருந்தது. அவனுடைய இடத்தில் வழக்கமாக ஆடுபவருக்குத் தோள் பிசகிவிட, வரும் சனிக்கிழமை முதல்முறையாகத் தொடக்கத்திலிருந்தே களமிறங்கப் போகிறான். எதிரே தெற்கு அணி. நன்றாக ஆடினால் இடம் நிலைக்கும். இல்லையென்றால் ஊருக்குப் போய்ப் பால் கறக்க வேண்டியதுதான்.

"அந்தச் சொல்லுக்கெல்லாம் அர்த்தம் நான் ஒண்ணும் கேக்கலப்பா," என்றார் திரைக்குப் பக்கத்தில் நின்ற பயிற்சியாளர் மாலக்கி. "அது உன் வீட்டு விஷயம். எப்படியும் நீ கிளம்பின அன்னிக்கே மாத்தியிருப்பாங்க. ஆள் போனா சொல்லை மாத்தறது எல்லாரும் பண்றதுதான்."

"மாத்தியிருப்பான். தம்பின்னு ஒருத்தன் இருந்ததையே மறந்திருப்பான்," என்றான் லோர்கன். "அப்புறம் சொல்றதுல என்ன போச்சு?"

எழுந்து போய் வெள்ளைப் பலகையில் எழுதினான். அத்தைகள், பசுக்கள், பாதிரியார்கள். ஒன்றையும் விடவில்லை. அதில் அவனுக்கு ஒரு திருப்தி.

சனிக்கிழமை கடல்காற்று மழையைப் பக்கவாட்டில் அறைந்தது. தேசிய அணித் தேர்வாளர்கள் வந்திருந்தார்கள். ஃபின்டனைப் பார்க்கத்தான் என்று எல்லோரும் சொன்னார்கள்.

முதல் பந்து தெற்கு அணி எறிய வேண்டியது.

"பிலோமினா!" என்றான் ஃபின்டன்.

ஏமாற்றுகிறான் என்று நினைத்தான் லோர்கன். டெக்லன் முன்னால் எகிறிப் பந்தைப் பறித்தான்.

"புளூபெல்!"

அது பசு. டெக்லன் நடுவில் எகிறினான். அதுவும் தெற்கு அணியின் கையை விட்டுப் போயிற்று.

ஃபின்டன் திரும்பித் தம்பியைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. நிச்சயம் வேறு ஏதோ காரணம் இருக்கும் என்று தேடுகிறவனின் பார்வை. லோர்கனுக்கு ரத்தம் கொதித்தது. மாத்துடா முட்டாள், மாத்தித் தொலைடா என்று பல்லைக் கடித்தான்.

"ஃபாதர் குவின்லன்!"

வரிசையின் கடைசியில் டெக்லன் பறித்த பந்து லோர்கனின் கைக்கே வந்தது. நாலைந்து பேரை முதுகில் சுமந்துகொண்டு போய் எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தோடு விழுந்து புள்ளி சேர்த்தான். அரங்கம் எழுந்து நின்று கத்தியது. இடைவேளைக்குப் பிறகு ஃபின்டனைக் களத்துக்கு அனுப்பவில்லை. மேலங்கியைப் போர்த்திக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தான்.

ஆட்டம் முடிந்ததும் மாலக்கி தோளில் கைபோட்டார். "திங்கக்கிழமை ஆபீசுக்கு வா. ரெண்டு வருஷ ஒப்பந்தம் பேசிடலாம்."

லோர்கன் தலையை ஆட்டிவிட்டு, சேறு கழுவாமலே பேருந்துகள் நிற்கும் இடத்துக்கு ஓடினான். அம்மா பிரீடா அங்கே நின்றிருந்தாள், அவளுக்குப் பக்கத்தில் ஃபின்டன்.

"ஏன்டா மாத்தல?" என்று கத்தினான் லோர்கன். வேறு எதுவும் வாயில் வரவில்லை. "உலகத்துல எல்லாரும் மாத்துவாங்க. உனக்கு மட்டும் என்ன கேடு?"

"மாத்தச் சொன்னாங்க. வேணாம்னேன். என் தம்பி சொல்லமாட்டான்னு எல்லார் முன்னாடியும் சொன்னேன்."

"உன்னை யாருடா சொல்லச் சொன்னா? பேச வேண்டிய நேரத்துல வாய்ல என்ன வச்சிருந்தே? என்னை வெளிய தள்ளப் போறாங்கன்னு தெரிஞ்சும் பக்கத்துல உக்காந்து ரோல் தின்னேல்ல!"

"சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தாங்க."

"அண்ணன்காரனுக்கு அவங்க சத்தியம் பெருசு!"

"இன்னிக்கு உனக்கு எது பெருசா இருந்துது?"

பிரீடா நடுவில் புகுந்தாள். "வாயை மூடுங்கடா ரெண்டு பேரும்! அவன் பண்ணினதும் தப்பு, நீ பண்ணினதும் தப்பு. என் நாத்தனார் பேரைச் சொல்லி ஊரே சிரிக்குது. அவகிட்ட நான் என்னன்னு சொல்றது?"

ஃபின்டன் தன் அணியின் பேருந்தில் ஏறிக்கொண்டான். வண்டி உறுமியது. லோர்கன் போய் அதன் முன்னால் நின்றான். ஓட்டுநர் ஹாரனை அழுத்தினார், தலையை வெளியே நீட்டித் திட்டினார். அவன் நகரவில்லை. உள்ளே யாரோ சிரித்தார்கள், யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள்.

கடைசியில் கதவு திறந்தது.

"என்னடா வேணும் உனக்கு?" என்றபடி இறங்கினான் ஃபின்டன்.

"அடி. எல்லார் முன்னாடியும் ஒண்ணு விட்டுட்டுப் போ."

ஃபின்டனின் கை மடங்கியது. தம்பியின் காலரைப் பிடித்து மூச்சுக்காற்று படும் தூரத்துக்கு இழுத்தான். மழை இருவர் முகத்திலும் வழிந்தது.

"அடிச்சா இது இங்கயே தீர்ந்துரும்டா," என்றான். "அவ்வளவு சுலபமா தீர விடமாட்டேன்."

காலரை விட்டுவிட்டு ஏறிக்கொண்டான். லோர்கன் மெதுவாக ஓரமாக நகர்ந்து வழிவிட்டான்.